மூன்றாம் மடிப்பின் மீது ஒரு வழக்கு

பேச்சுக்கு மூளையில் இடம் எது என்று கேட்டால் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் தயங்க மாட்டார்கள். இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து, "புரோக்கா பகுதி" என்பார்கள். பாடநூலின் வண்ணப்படம் அப்படித்தான் கற்பிக்கிறது. முன்மடலின் கீழ்மடிப்பில் ஒரு வட்டம், அதனருகே 'பேசுதல்'. பொட்டு மடலின் பின்பக்கம் இன்னொரு வட்டம், அது வெர்னிக்கே பகுதி, அதனருகே 'புரிந்துகொள்ளுதல்'. இரண்டையும் சேர்க்க ஒரு வளைகோடு. தேர்வில் மதிப்பெண் வாங்குவதும், பக்கவாதம் வந்தவரின் வீட்டாருக்கு விளக்கம் சொல்வதும் பல நேரம் இந்தப் படத்தை வைத்துத்தான். அதனால் அதைச் சோதித்துப் பார்ப்பது வெறும் வரலாற்று ஆர்வம் ஆகாது. முதல் வட்டத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சாதகமான சான்று எது, எதிரான சான்று எது, இரண்டையும் தட்டில் வைத்தால் எது நிற்கிறது என்பதே கேள்வி.

பால் புரோக்காவை நியாயமாக எடைபோட வேண்டுமானால், அவர் எந்தச் சண்டைக்கு நடுவே நின்று பேசினார் என்று தெரிந்திருக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்ஸ் யோசப் கால் என்பவர் மூளையை 27 மனத்திறன்களின் உறுப்புகளாகப் பிரித்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவியே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றார். ஊர் ஊராகப் பரவி அது காசு பண்ணும் வித்தையாகச் சீரழிந்தது. 'இன்ன வேலைக்கு மூளையில் இன்ன இடம்' என்று பேசுவதே கற்றவர் அவையில் கூச்சப்பட வேண்டியதாயிற்று. பறவைகளின் மூளையைச் சிறிது சிறிதாக வெட்டியெடுத்துச் சோதித்த ஃப்ளூரான்ஸ், பெருமூளை முழுவதும் ஒன்றாகவே இயங்குகிறது என்று முடிவுகட்டியிருந்தார். எதிரணியில் பூயோ என்ற மருத்துவர், 1825 முதலே, பேச்சுத்திறன் முன்மடல்களில்தான் என்று வாதிட்டார். முன்மடல்கள் கெட்டும் பேச்சு கெடாத ஒரு மூளையைக் காட்டுவோருக்கு 500 ஃபிராங்க் தருவதாகச் சவாலும் விட்டார். அவருடைய மருமகன் ஒபுர்த்தான் 1861-இல் பாரிஸ் மானுடவியல் சங்கத்தில் அதே வாதத்தை மறுபடி கிளப்பினார். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் புரோக்கா. அவர் தொழிலால் அறுவை மருத்துவர்.

அந்த ஏப்ரலில் பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் புரோக்காவின் பிரிவுக்கு, அழுகிப்போன வலது காலோடு ஒரு நோயாளி வந்து சேர்ந்தார். பெயர் லெபோர்ன், வயது 51. செருப்புத் தைப்பவர்களுக்கான மர அச்சுகளைச் செய்யும் தொழிலாளியாக இருந்தவர். சிறுவயது முதல் வலிப்பு. முப்பது வயதில் பேச்சு போனது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் 'டான், டான்' என்ற ஓர் அசைதான் பதில். பொறுமை போனால் மட்டும் ஒரு வசவு முழுதாக, தெளிவாக வெளிவரும். பத்தாண்டுகள் கழித்து வலது கை சோர்ந்தது, பிறகு வலது காலும். இங்கே எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள் என்று புரோக்கா கேட்டார். லெபோர்ன் இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரலைத் தனியாக நீட்டினார். 21 ஆண்டுகள், சரியான விடை. கேட்டது புரிந்தது, கணக்கு தப்பவில்லை, சொல்ல வேண்டும் என்ற தவிப்பும் இருந்தது. வாய்ச்சொல் மட்டும் இல்லை. ஏப்ரல் 17 அன்று அவர் இறந்தார். மறுநாளே அவருடைய மூளை சங்கத்தின் மேசைக்கு வந்துவிட்டது.

மூளையின் எடை 987 கிராம்தான். இடது முன்மடலின் மூன்றாவது மடிப்பில், அதாவது கீழ்மடிப்பில், ஒரு கோழிமுட்டை அடங்கும் அளவுக்குக் குழி விழுந்து அதில் நீர் தேங்கியிருந்தது. குழியைச் சுற்றி வெகுதூரத்துக்கு மூளை குழைந்து கிடந்தது. புரோக்காவின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது, அதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சேதம் மிகுதியாக உள்ள இடமே நோய் முதலில் பற்றிய இடம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முதல் பத்தாண்டுகளில் பேச்சு மட்டுமே போயிருந்தது. ஆகவே முதலில் கெட்ட இடமும் முதலில் போன திறனும் ஒன்றுக்கொன்று உரியவை என்றார். அழகான ஊகம், சந்தேகமில்லை. ஆனால் 21 ஆண்டுகளில் நடந்ததை ஒரே ஒரு நாளின் பிணச்சோதனையிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறது அந்த ஊகம். மேலும் அவர் பார்த்தது மூளையின் மேற்பரப்பை மட்டும். உள்ளே எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று வெட்டிப் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பதற்காக முழு மூளையையும் சாராயத்தில் இட்டுவைத்தார். அந்த முடிவு அவருடைய வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை. பின்னால் வந்த தலைமுறைகளுக்கு அவர் விட்டுச்சென்ற மிகப் பெரிய கொடையும் அதுவே.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இரண்டாவது நோயாளி, லெலோன், 84 வயது, தொடை எலும்பு முறிந்து வந்தார். ஒன்றரை ஆண்டுக்கு முன் மயங்கி விழுந்ததிலிருந்து அவரிடம் மிஞ்சியவை ஐந்தே சொற்கள். எண்களுக்கெல்லாம் 'மூன்று' என்ற ஒரே சொல். எத்தனை பிள்ளைகள் என்றால் வாய் 'மூன்று' என்றது, விரல்கள் நான்கைக் காட்டின. ஆண் எத்தனை? 'மூன்று', விரல் இரண்டு. பெண் எத்தனை? மறுபடி 'மூன்று', விரல் இரண்டு. மனத்தில் இருக்கும் எண் ஒன்று, வாயில் வரும் எண் வேறு. பேச்சும் அறிவும் பிரிந்து போகக்கூடியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி அரிது. அவருடைய மூளையிலும் காயம் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தது. லெபோர்னைக் காட்டியபோது தன் முடிவைத் தயக்கத்தோடு சொன்ன புரோக்காவுக்கு, இப்போது தைரியம் வந்தது.

அடுத்தடுத்துக் கிடைத்த நோயாளிகளில் காயம் இடப்பக்கமே விழுந்திருப்பதைக் கவனித்து, நாம் இடது அரைக்கோளத்தால் பேசுகிறோம் என்று 1865-இல் அவர் அறிவித்தார். மார்க் டாக்ஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1836-லேயே இதை எழுதிவைத்திருந்தார் என்று அவருடைய மகன் உரிமை கோரினார். யார் முதலில் என்ற சச்சரவு நம் தீர்ப்புக்குத் தேவையில்லை. தேவையானது ஒன்றுதான்: புரோக்கா சொன்னதாகக் கருதப்படும் ஒரே கூற்றுக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன. மூளையில் வேலைப் பங்கீடு உண்டு என்பது முதலாவது. பேச்சில் இடது பக்கமே முதன்மை என்பது இரண்டாவது. பேச்சின் இருப்பிடம் மூன்றாம் மடிப்பின் பின்பாதி என்பது மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே தீர்க்காமல் மொத்தமாக ஏற்றதும் மொத்தமாக மறுத்ததும்தான் ஒன்றரை நூற்றாண்டுக் குழப்பம்.

முதல் இரண்டும் நிற்கின்றன. அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. இடது முதன்மைக்கு விலக்குகள் உண்டு. ஸ்டெஃபான் க்நெக்ட் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முழு வலக்கையரில் சுமார் 4 விழுக்காட்டினருக்கும், முழு இடக்கையரில் சுமார் 27 விழுக்காட்டினருக்கும் மொழிக்கு வலது மூளை முன்னிற்கிறது. இது விதியைத் திருத்துகிறது, உடைக்கவில்லை.

மூன்றாவது கூற்றின் மீது முதல் பலத்த அடி 1906-இல் விழுந்தது. அடித்தவர் பிரெஞ்சு நரம்பியலர் பியேர் மரி. பேச்சுத்திறனில் மூன்றாம் மடிப்புக்குத் தனிப்பங்கு எதுவும் இல்லை என்று அவர் எழுதினார். இரு வகையான சான்றுகளைக் காட்டினார்: அந்த மடிப்பு கெட்டும் பேச்சு கெடாதவர்கள், மடிப்பு நன்றாயிருந்தும் பேச்சு கெட்டவர்கள். 1908-இல் பாரிஸ் நரம்பியல் சங்கத்தில் பழைய கருத்தைக் காத்த நரம்பியலர் தெஜெரினுக்கும் அவருக்கும் நடந்த வாக்குவாதம் கடுமையானது. மரியின் சான்று வலுவாகவே இருந்தது, முடிவுதான் அளவு மீறிப்போனது. 'எல்லாம் அங்கேதான்' என்பதை மறுக்கக் கிடைத்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு 'அங்கே ஒன்றுமே இல்லை' என்று சொல்லிவிட்டார்.

மரியைவிட நிதானமாக, ஆகவே இன்னும் ஆழமாக, வெட்டியவர் அமெரிக்க நரம்பியலர் ஜே.பி. மோர். 1978-இல் அவரும் சகாக்களும் பழைய பிணச்சோதனைப் பதிவுகளையும் புதிய நோயாளிகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். புரோக்கா பகுதியில் மட்டும் காயம் பட்டவர்களுக்கு முதலில் வாய் அடைத்துப்போகிறது, பிறகு விரைவில் பேச்சு திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் 'புரோக்கா பேச்சிழப்பு' வருவதற்குக் காயம் அதைத் தாண்டி, பக்கப் பிளவுக்குள் மறைந்திருக்கும் இன்சுலா, சுற்றியுள்ள புறணி என்ற மேலடுக்கு, அடியில் நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் வரை பரவியிருக்க வேண்டும். அதாவது, புரோக்கா பகுதி மட்டும் கெட்டால் புரோக்காவின் நோய் நிலைப்பதில்லை.

காயம் இப்படிச் சேர்ந்தே பரவுவதன் காரணத்தை ரத்த ஓட்டத்தில் தேட வேண்டும். இந்த மடிப்புக்கும் இன்சுலாவுக்கும் வாய், நாக்கை அசைக்கும் புறணிக்கும் ரத்தம் கொண்டுவருவது நடுப் பெருமூளைத் தமனியின் ஒரே மேற்கிளை. மதகு அடைபட்டால் அதன் ஆயக்கட்டு முழுவதும் காய்கிறது. கருகிய வயல்களில் சாலையோரம் கண்ணில் படும் ஒன்றைக் காட்டி, ஊரின் விளைச்சல் முழுவதும் இதில்தான் வந்தது என்று சொல்ல முடியுமா? பக்கவாதத்தை வைத்து மூளையின் வரைபடம் எழுதியவர்கள் பலரும் இந்தப் பிழையில் வழுக்கினார்கள். புரோக்கா முதல் ஆள், அவ்வளவுதான்.

2007-இல் நீனா டிரான்கர்ஸ் குழுவினர், பாரிஸில் காப்பாற்றப்பட்டிருந்த அந்த இரண்டு மூளைகளையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். 146 ஆண்டுகளுக்குப் பின் அதே சாட்சிகள் மறுபடி கூண்டேறின. லெபோர்னின் காயம் மேற்பரப்பிலிருந்து வெகு ஆழத்துக்கு ஊடுருவி, முன்மடலைப் பின்மடல்களோடு இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றைகளை அறுத்திருந்தது. லெலோனிடம் இன்றைய 'புரோக்கா பகுதி'யின் பெரும்பாகம் தப்பியிருந்தது. அதன் பின்னோரத்தில் மட்டும் சேதம். ஆனால் உள்ளே அதே கற்றைகள் அறுந்திருந்தன. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது புரோக்காவின் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. இந்த வழக்கில் இதைவிடக் கனமான சான்றை நான் அறியேன். எதிரியின் சாட்சி எவரும் தேவைப்படவில்லை, புரோக்காவின் சொந்தச் சாட்சிகளே அவருடைய மூன்றாவது கூற்றைக் கைவிட்டன.

இவ்வளவோடு தீர்ப்பெழுதிவிடுவது அநியாயம். எதிர்த்தரப்புக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. நோயாளி தேறிவிட்டார் என்பதால் அந்த இடத்துக்கு வேலையே இல்லை என்று ஆகாது. பக்கத்துப் பகுதிகள் சுமையை ஏற்றுக்கொண்டிருக்கலாம். எனவே மூளை தன்னைச் சரிசெய்துகொள்வதற்குள் பார்த்தாக வேண்டும். ஆர்ஜி ஹில்லிஸ் 2004-இல் அதைத்தான் செய்தார். பக்கவாதம் தாக்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைப் படமெடுத்து, உச்சரிப்பைத் திட்டமிடுவதில் வரும் கோளாறு இடது கீழ்மடிப்பின் பின்பகுதிக்கு ரத்தம் குறைவதோடு சேர்ந்து வருகிறது என்று காட்டினார். இந்தக் கோளாறுக்கு இன்சுலாதான் காரணம் என்று டிரான்கர்ஸ் முன்பு எடுத்திருந்த முடிவு இதனால் ஆட்டம் கண்டது. இன்னொன்று, நெட் சாஹின் குழுவினர் 2009-இல் செய்த பதிவு. வலிப்பு நோயாளிகளின் புரோக்கா பகுதிக்குள் சிகிச்சைக்காக இறக்கிய மின்முனைகளில், சொல்லைத் தேடிப் பிடிக்கும் அடையாளம் சுமார் 200 மில்லிநொடியிலும், இலக்கண வடிவம் தருவது சுமார் 320-லும், ஒலிவடிவம் தருவது சுமார் 450-லும் வரிசையாகத் தெரிந்தன. அவர்கள் சோதித்தது ஆங்கிலச் சொற்களை. தமிழில் 'எழுது' என்ற வேர் 'எழுதினாள்' ஆவதற்குக் காலமும் பாலும் எண்ணும் ஏற வேண்டும். அந்த வகையான வேலையில் இந்த மடிப்புக்குப் பங்கு உண்டு என்பதை இனி மறுக்க இயலாது.

இந்தச் சான்று புரோக்காவுக்குச் சாதகமா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர் இங்கே வைத்தது உச்சரிப்பை, வாய்திறந்து பேசும் செயலை. அடீன் ஃபிளிங்கர் குழுவினர் 2015-இல், மூளையின் மேற்பரப்பில் நேரடியாக வைத்த மின்முனைகளால் அந்தக் கணத்தையே பிடித்தார்கள். சொல் வெளிவருவதற்கு முன் புரோக்கா பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. வாய் அசையத் தொடங்கும்போது அது அடங்கிவிடுகிறது, வாய், நாக்கை அசைக்கும் இயக்கப் புறணி வேலையை எடுத்துக்கொள்கிறது. பேச்சின் இருப்பிடம் என்று பெயர் பெற்ற இடம், பேசும் நேரத்தில் அமைதியாக இருக்கிறது. அதற்கு ஓராண்டு முன்பு, நோயாளி விழித்திருக்கையில் செய்யும் மூளை அறுவையில் சேர்ந்த பதிவுகளைத் தொகுத்து, மாத்யூ டேட்டும் ஹூக் துஃபோவும் ஒரு வரைபடம் வெளியிட்டிருந்தார்கள். மின்தூண்டல் தந்தால் பேச்சு சட்டென்று நிற்கும் புள்ளிகள் அதில் புரோக்கா பகுதியைவிடப் பின்னாலிருக்கும் இயக்கத்துக்கு முந்தைய புறணியில் குவிந்திருந்தன.

எல்லை எங்கே என்ற சிக்கலும் இருக்கிறது. கொர்பினியன் பிராட்மன் 1909-இல் செல்களின் அடுக்கமைப்பை நுண்ணோக்கியில் பார்த்துப் புறணியை எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்தார். 44, 45 என்ற இரண்டு எண்கள் சேர்ந்ததே இன்று புரோக்கா பகுதி எனப்படுகிறது. இது புரோக்கா வரைந்த எல்லை கிடையாது. 1999-இல் காத்ரின் அமுன்ட்ஸ் குழுவினர் பத்து மூளைகளை அளந்தபோது, இந்தப் பகுதிகளின் பரிமாணம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபட்டது. கண்ணுக்குத் தெரியும் மடிப்புகளோடு செல் எல்லைகள் ஒத்தும் போகவில்லை. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் கருக்குழந்தையின் மூளையைச் செல் அளவில் காட்டும் 'தரணி' என்ற வரைபடத்தை 2024-இல் வெளியிட்டது இத்தகைய முயற்சிகளின் வரிசையில் வருகிறது. மடிப்பைப் பார்த்து எல்லை சொல்லும் காலம் முடிந்துவிட்டது. எவலினா ஃபெடோரென்கோ, ஜான் டங்கன், நான்சி கான்விஷர் மூவரும் 2012-இல் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒவ்வொருவரின் மூளையையும் தனித்தனியே ஆராய்ந்தால், புரோக்கா பகுதிக்குள்ளேயே மொழிக்கு மட்டும் இயங்கும் துண்டும், கடினமான வேலை எதுவானாலும் இயங்கும் துண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பலருடைய மூளைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு அழிந்துவிடும். பழைய ஸ்கேன் ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே தீர்ப்பு இது. மூன்றாம் மடிப்பு பேச்சின் இருப்பிடம் என்ற கூற்று தள்ளுபடி. அதற்கு ஆதாரமாக வைத்த இரண்டு மூளைகளும் அதைத் தாங்கவில்லை. மடிப்பு மட்டும் கெட்டவர்கள் மீண்டும் பேசுகிறார்கள், பேசும் கணத்தில் அது வேலை செய்வதும் இல்லை. அந்த மடிப்புக்குப் பங்கே இல்லை என்ற மரியின் மறுப்பும் தள்ளுபடி. சொல்லை வடிவமைத்து, வரிசைப்படுத்தி, இயக்கப் புறணியிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் அதற்கு உரிய பங்கு நிரூபணமாகிவிட்டது. வேலைப் பங்கீடு உண்டு என்ற கொள்கை நிற்கிறது, இன்னும் நுணுக்கமாகவே நிற்கிறது. பங்கு பெறுபவை பெயரிட்ட பெரிய மடிப்புகள் என்ற எண்ணம்தான் போயிற்று. ஜார்ஜ் ஓஜெமன் குழுவினர் 1989-இல் 117 நோயாளிகளிடம் மின்தூண்டலால் கண்ட மொழிப் புள்ளிகள், ஒன்றிரண்டு சதுர சென்டிமீட்டர் அளவே கொண்டவை, ஆளுக்கு ஆள் இடம் மாறுபவை. அவற்றை ஒன்றாக இயங்கவைப்பது அடியில் ஓடும் வெண்பொருள்.

பாடநூல்கள் அந்தப் பெயரை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இடப்பெயராக அது இருக்கட்டும், புரோக்காவுக்கு அந்த மரியாதை தகும். நீக்க வேண்டியது அதனருகே எழுதியிருக்கும் வேலையின் பெயரை. எளிமைக்காகத்தானே, பிள்ளைகளுக்கு இவ்வளவு போதாதா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை பக்கவாதப் பிரிவில் பணியில் இருப்பார்கள். ஸ்கேனில் இடது கீழ்மடிப்பு கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பேச்சு மையம் போய்விட்டது" என்று வாசலில் நிற்கும் மனைவியிடமோ மகனிடமோ சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பேச்சுப் பயிற்சிக்கே அழைத்துப்போகாமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. 2021-இல் ஆந்த்ரேயா கஹார்தோ விதால் குழுவினர் பக்கவாத நோயாளிகளை நீண்ட காலம் கழித்து ஆராய்ந்து எழுதினார்கள்: புரோக்கா பகுதிக்கு நேர்ந்த சேதம் பிற்காலப் பேச்சுக் குறைபாட்டுக்குக் காரணமாகத் தெரியவில்லை, அதன் அருகே செல்லும் வளைவுக் கற்றையின் முன்பகுதியில் வெண்பொருள் கெட்டிருப்பதே காரணமாகத் தெரிகிறது. எனவே அந்த ஸ்கேனைக் கையில் எடுக்கும் மருத்துவர் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு எந்த மடிப்பில் விழுந்திருக்கிறது என்பதைவிட, எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை. ஆழம் இறங்கவில்லையென்றால், பேச்சுப் பயிற்சியாளரை அந்த வாரமே வரவழைக்க வேண்டும், வீட்டாரிடமும் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்.